பாயிண்ட் ரேட்டா, மொத்தமா, அளந்து போடுவதா? கடலோர வேலைக்குக் கொட்டேஷன் கொடுக்கும் விதம்

"அண்ணே, ஒரு கேமராவுக்கு எவ்வளவு வாங்குறீங்க?"

போனில் வரும் முதல் கேள்வி இதுதான். மண்டபத்திலிருந்து வந்தாலும் சரி, தொண்டியிலிருந்து வந்தாலும் சரி, கேள்வி மாறாது. கேமராவுக்குப் பதில் சில நேரம் வைஃபை, சில நேரம் லாட்ஜுக்கு இன்டர்காம், சில நேரம் ஆபீசுக்கு லேன் வயரிங். கேட்பவர் மேல் தப்பே இல்லை, அவருக்குத் தெரிந்த அளவுகோல் அது. ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் முதல் பதிலில்தான் வேலை முடிகிறபோது கையில் காசு மிஞ்சுமா, கைக்காசு போகுமா என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் கேமரா, நெட்வொர்க் வயரிங் போடும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நான்கு விதமாக ரேட் கொடுக்கிறோம். பாயிண்டுக்கு, அதாவது கேபிள் போய் முடியும் ஒவ்வொரு இடத்துக்கும், இவ்வளவு என்பது ஒன்று. மொத்தமாக ஒரு தொகை பேசுவது ஒன்று. இடத்தைப் போய் அளந்து, ஐட்டம் ஐட்டமாக எழுதிக் கொடுப்பது ஒன்று. சாமான் உங்களுடையது, கூலி மட்டும் எனக்கு என்பது இன்னொன்று. நான்கையும் செய்து பார்த்துவிட்டேன், இப்போது கடற்கரைப் பக்கம் வேலை என்றால் அளக்காமல் ரேட் சொல்வதில்லை. ஏன் அப்படி என்று புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் விஷயம் புரிவதற்காக நான் போட்டுக்கொண்ட எண்கள். உங்கள் ஊர்க் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் பாயிண்ட் ரேட். சொல்வதற்கு இதைவிட எளிதானது இல்லை. ஒரு பாயிண்ட் 1,800 ரூபாய், கேபிள், பைப், கூலி எல்லாம் சேர்த்து. எட்டு பாயிண்ட் என்றால் 14,400. போனிலேயே முடிந்துவிடும், வாடிக்கையாளருக்கும் மனக்கணக்கு போட வசதி. ராமநாதபுரம் டவுனுக்குள் புதிதாகக் கட்டும் வீடு, சுவருக்குள் பைப் ஏற்கெனவே புதைத்திருக்கிறார்கள், கேபிளை இழுத்து முனையில் கனெக்டர் அடித்தால் போதும் என்கிற இடத்தில் இன்றைக்கும் நான் பாயிண்ட் ரேட்தான் கொடுக்கிறேன். அங்கே எல்லா பாயிண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிரச்சினை தூரம் மாறும்போது வருகிறது. கேபிளும் பைப்பும் கிளாம்பும் சேர்த்து மீட்டருக்கு 45 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 மீட்டர் பாயிண்டுக்கு சாமான் மட்டும் 990 ரூபாய், மீதி 810 கூலிக்கு நிற்கும். அதே ரேட்டில் லாட்ஜில் மூன்றாவது மாடிக் கடைசி அறைக்கு 70 மீட்டர் இழுத்தால் சாமான் மட்டுமே 3,150. கூலியை விடுங்கள், கையிலிருந்து 1,350 போகிறது. ராமேஸ்வரம் லாட்ஜுகள் பல முகப்பு குறுகலாகவும் பின்னால் நீண்டுகொண்டே போவதாகவும் இருக்கும், ரிசப்ஷனில் நின்று பார்த்தால் அந்த நீளம் தெரியாது. சிலர் இதைச் சரிக்கட்ட பாயிண்ட் ரேட்டையே 2,500 என்று ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். அப்போது நான்கு கேமரா கேட்கிற சின்னக் கடைக்காரர், எங்கேயோ ஒரு லாட்ஜின் கேபிளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். அது நியாயமாக எனக்குப் படவில்லை, தொழிலுக்கும் நல்லதில்லை, அவர் இன்னொருவரிடம் விசாரித்ததும் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

பாயிண்ட் ரேட்தான் கொடுப்பேன் என்றால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 30 மீட்டர் வரை இந்த ரேட், அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு. அந்த ஒரு வரி பாதி சண்டையைத் தடுக்கும்.

அடுத்தது மொத்தத் தொகை. வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். "மொத்தமா எவ்வளவு, சொல்லிருங்க, அப்புறம் ஒத்தப் பைசா கேக்கக் கூடாது." தொகையும் பெரிதாக இருக்கும், அட்வான்ஸும் சுளையாகக் கிடைக்கும், புதிதில் அந்த ஆசை எனக்கும் இருந்தது.

ராமேஸ்வரத்தில் ஒரு பழைய லாட்ஜ், மூன்று மாடி. ரிசப்ஷனில் உட்கார்ந்து டீ குடித்தபடியே மொத்தத் தொகை பேசி முடித்தேன். முன்பக்கம் செங்கல், சிமெண்ட் பூச்சு, எல்லாம் புதுசாகத் தெரிந்தது. வேலை ஆரம்பித்த மறுநாள்தான் பின்கட்டு பழைய கட்டடம், பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் என்று தெரிந்தது. தீவில் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டுவார்கள், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் போய்ப் பார்த்தால் அந்தக் கல்லைக் கண்ணால் பார்க்கலாம். டிரில்லை வைத்தால் ஒரு இடத்தில் பிட் மாட்டிக்கொண்டு சுற்றாது, பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து விரல் போகிற ஓட்டை கை போகிற ஓட்டையாகிவிடும். பிளக் அடித்து ஸ்குரூ போட்டால் பிடிமானமே இல்லை. கடைசியில் சுவருக்குள் போக நினைத்த பாதி கேபிள் ஓட்டத்தை வெளிப்பக்கமாக பைப் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்தேன், கேபிள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆயிற்று.

அதோடு நான் பேசிய தேதி ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம். ராமேஸ்வரத்தில் அந்த வாரம் அறை காலியாகக் கிடைக்குமா? எல்லா அறையிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள், உள்ளே போய் வேலை பார்க்க வழியில்லை. இரண்டு பையன்களுக்கு நான்கு நாள் கூலி கொடுத்துச் சும்மா உட்கார வைத்தேன். வேலை முடிகிற நேரத்தில் பார்க்கிங்குக்கு இரண்டு கேமரா, "மொத்தமாத்தானே பேசினோம்" என்று. தாளில் எத்தனை கேமரா என்று நான் எழுதியிருக்கவில்லை. அவர் ஏமாற்ற நினைத்துக் கேட்டார் என்று சொல்லமாட்டேன், அவர் மனதில் மொத்தம் என்றால் அந்தக் கட்டடத்துக்கு மொத்தம்.

அப்படியானால் மொத்தத் தொகையே கூடாதா? கூடும். அளந்து முடித்த பிறகு அதே அளவை வைத்துச் சொல்லும் மொத்தத் தொகை நல்லதுதான், வாடிக்கையாளருக்கும் நிம்மதி. ஆனால் அதில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட என்னென்ன இல்லை என்பதை நீளமாக எழுத வேண்டும். சுவர் உடைத்தால் பூச்சு வேலை இல்லை, பெயிண்ட் இல்லை, கரண்ட் பாயிண்ட் இழுப்பது எலக்ட்ரீஷியன் வேலை, இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கான பணம் தனி, அறை திறந்து தராத நாளுக்குக் கூலி உண்டு. அப்புறம் தை அமாவாசை, ஆடி அமாவாசை வாரங்களில் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வேலை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

இப்போது நான் செய்வது மூன்றாவது விதம், அளந்து எழுதுவது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வேலை அதிகம்.

கீழக்கரையில் ஒரு வீடு. கேட்டவர் துபாயில் இருக்கிறார், வீட்டில் அவருடைய உம்மாவும் தங்கையும். ஆறு கேமரா, மாடியில் வைஃபை சரியாக வரவில்லை, அதையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீட்டின் வீடியோ அனுப்பிவிட்டு ரேட் கேட்டார். "வந்து அளந்துட்டு சொல்றேன் பாய்" என்றேன். "வீடியோவுல எல்லாம் தெரியுதேண்ணே" என்றார். வீடியோவில் சுவரின் கனம் தெரியாது. போய்ப் பார்த்தால் பழைய பாதியில் ஒன்றரை அடிச் சுவர். சாதாரண பிட் நடுவிலேயே நின்றுவிடும், நீள பிட் வேண்டும். மாடிக்கு வைஃபை ஏன் போகவில்லை என்பதும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோதே புரிந்துவிட்டது, அதற்கு விலை கூடின ரவுட்டர் வாங்குவதில் அர்த்தமில்லை, மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே தனியாக வைஃபை கொடுக்கும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைக்க வேண்டும்.

டேப் வைத்து, கேபிள் போகும் வழியே நடந்து அளந்தேன். வாசல் 22, கார் செட் 31, பக்கச் சந்து 18, பின்வாசல் 40, மாடிப்படி 27, மொட்டைமாடி 35. மாடி வைஃபைக்கு 24. கூட்டினால் 197 மீட்டர். இதில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மேலிருந்து கீழே இறங்குவது மூன்று மீட்டர், எல்லாக் கேபிளும் வந்து சேரும் ராக் பெட்டிக்குள் விட்டு வைக்கும் சுருள் இரண்டு மீட்டர், கேமரா முனையில் ஒரு மீட்டர் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் தரையில் மட்டும் அளந்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், ஏழு ஓட்டத்துக்கு ஆறு மீட்டர் என்றால் 42 மீட்டர் காணாமல் போகும். இதன் மேல் பத்து சதவீதம் சேதாரம், ஆக 217. கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் பெட்டி 305 மீட்டர் வரும், ஒரு பெட்டிக்குள் வேலை முடிந்துவிடும், மீதம் இருக்கும்.

அந்த மீதம் யாருக்கு? இதில் நிறைய மனக்கசப்பு வருகிறது. பெட்டி விலை முழுவதையும் பில்லில் போட்டால் மீதக் கேபிள் வாடிக்கையாளருடையது, அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மீட்டர் கணக்கில் போட்டால் மீதம் நம்முடையது. நான் மீட்டர் கணக்கு. கேபிள் உறைமேலேயே மீட்டர் எண் அச்சடித்திருக்கும், இழுப்பதற்கு முன்னால் தொடங்கும் எண்ணை ஒரு போட்டோ, முடித்து வெட்டும்போது முடியும் எண்ணை ஒரு போட்டோ, இரண்டையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். துபாயில் இருக்கிறவருக்கு வேறு எப்படி நம்பிக்கை வரும்? வீட்டில் கதவு திறந்துவிடும் உம்மாவிடம் கேபிள் கணக்கெல்லாம் பேச முடியுமா? அந்த வீட்டில் கடைசியில் 211 மீட்டர்தான் ஓடியது, 217க்குப் பதில் 211க்குத்தான் பில் போட்டேன்.

ஐட்டம் வாரியாக எழுதும்போதுதான் உப்புக் காற்றுக்கு உண்டான சாமானைத் தனியாகக் காட்ட முடிகிறது. கடலோரத்துக்கு அளந்து எழுதுவதுதான் சரி என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணமே இதுதான். பாயிண்ட் ரேட்டிலும் மொத்தத் தொகையிலும் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சாமான்தான், ஏனென்றால் போட்ட அன்றைக்கு வித்தியாசம் தெரியாது. சாதாரண ஸ்குரூவும் துருப்பிடிக்காத ஸ்குரூவும் முதல் நாள் ஒரே பளபளப்பு. ஒரு வாடைக்காலம் போகட்டும், சாதாரண ஸ்குரூ தலையில் ஸ்குரூடிரைவர் வைத்தால் தவிடாக உதிரும், சுவரில் செம்பழுப்புக் கோடு கீழே வழிந்திருக்கும், கேமராவைக் கழற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் எஸ்எஸ் 304 என்கிற ரகம் பரவாயில்லை, ஆனால் கடலைப் பார்த்த சுவரில் அதுவும் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். 316 தான் நிற்கும், அதில் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பைத் தாங்குகிறது. விலை கூட, அதனால் கடலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் 316, உள்பக்கத்துக்கு 304 என்று பிரித்து எழுதுகிறேன்.

கேமராவுக்குப் பின்னால் தொங்கும் கனெக்டரையும் அப்படியே வெளியே விடக்கூடாது. கேமரா ஐபி67 என்று பெட்டியில் போட்டிருக்கும், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்கிற அந்தத் தரம் கேமராவின் உடம்புக்கு, நாம் அடிக்கிற ஆர்ஜே 45 கனெக்டருக்கு இல்லை. பச்சை பூத்துப்போன கனெக்டரை எத்தனை இடத்தில் வெட்டி எறிந்திருக்கிறேன்! அதனால் ஒவ்வொரு வெளிக் கேமராவுக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், உள்ளே ரப்பர் டேப் சுற்று, மொட்டைமாடி ஓட்டங்களுக்கு இடி மின்னலைத் தாங்க சர்ஜ் புரொடெக்டர். இவை எல்லாவற்றையும் தனி வரியாக எழுதி, விலையைப் பக்கத்தில் போட்டால் வாடிக்கையாளர் கேட்பார், "இது எதுக்கு?" அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் தனியாக எழுதுகிறேன். காரணம் சொன்ன பிறகு வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, அந்த வரியை அடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். "30 நாள் பதிவு இருக்கணும்" என்பார்கள், கொட்டேஷனில் ஒரு டிபி (டெராபைட், 1,000 ஜிபி) என்று இருக்கும். இரண்டு மெகாபிக்சல் கேமராவை, வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வைத்தால் நாளொன்றுக்கு சுமார் 21.6 ஜிபி. ஆறு கேமராவுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 130 ஜிபி. ஒரு டிபி ஒரு வாரத்தில் நிரம்பிப் பழையது அழிய ஆரம்பித்துவிடும். 30 நாள் வேண்டுமென்றால் 4 டிபி. இந்தக் கணக்கை நான் கொட்டேஷனின் அடியிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன், இரண்டு விலையையும் போட்டு. கீழக்கரை பாய் நாலு டிபி எடுத்தார்.

இந்த விதத்தில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஒருநாள் போய் அளக்க வேண்டும், ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும், நாம் எழுதிய தாளையே எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் "இதைவிடக் குறைச்சுத் தருவீங்களா" என்று கேட்பவர்களும் உண்டு. டவுனிலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர், போய்வர 110. பெட்ரோலும் அரை நாளும் போய், வேலையும் கிடைக்காமல் போனால் வலிக்கும். அதனால் அளக்கப் போவதற்கு 500 ரூபாய் வாங்குகிறேன், வேலை கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவேன். முதலில் தயங்கினேன், வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று. சிலர் ஓடத்தான் செய்தார்கள். 500 கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வேலையும் கொடுத்துவிட்டார்கள்.

நான்காவது, கூலி மட்டும். ஆன்லைனில் கேமராவும் கேபிளும் வாங்கி வைத்துவிட்டு "மாட்டி மட்டும் விடுங்க" என்பார்கள். முதலீடு இல்லை, ரிஸ்க் இல்லை என்று தோன்றும். எனக்கு அப்படி அமையவில்லை. பாம்பனில் ஒரு வீடு, கேபிள் அவர்கள் வாங்கியது. மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன், பகலெல்லாம் படம் அருமை. ராத்திரி ஏழு மணிக்குப் போன், இரண்டு கேமரா அணைந்து அணைந்து எரிகிறது. மறுநாள் பகலில் போனால் ஒன்றுமில்லை. மூன்று தடவை அலைந்த பிறகு ஒரு முனையை வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் போட்ட அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், அந்தக் கேபிள் வழியாகவேதான் கேமராவுக்குக் கரண்டும் போகிறது, இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்தால் இழுக்கும் கரண்ட் கூடும், நீள ஓட்டத்தின் முனையில் வோல்டேஜ் பற்றாமல் அணைந்துவிடும். அந்த வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை, அவரைப் பொறுத்தவரை மாட்டியவன் சரியாக மாட்டவில்லை.

இப்போது கூலி வேலை கேட்டால் கேபிளை முதலில் வாட்ஸ்அப்பில் காட்டச் சொல்லமாட்டேன், நேரில் சுரண்டிப் பார்ப்பேன். முழுச் செம்பு என்றால் செய்வேன், இல்லையென்றால் கேபிளை மட்டுமாவது என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். சம்மதிக்காவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

இந்த நான்கிலும் சேராத ஒரு வேலை உண்டு, அது இறால் பண்ணை. கேட்டிலிருந்து கடைசிக் குளம் வரைக்கும் 350 மீட்டர் என்பார்கள். நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் வழி இரண்டு: ஃபைபர் இழுப்பது, இல்லையென்றால் கம்பியில்லாமல் இரண்டு ஆன்டெனாவை எதிரெதிராக வைப்பது. ஃபைபரில் பள்ளம் தோண்டும் செலவு, முனை ஒட்டும் மெஷினுக்கான வாடகை வரும், ஆனால் மின்னல் அந்தக் கண்ணாடி இழை வழியே ஏறி வராது. ஆன்டெனா ஒரே நாளில் முடியும், ஆனால் இரும்புக் கம்பம், அதன் துரு, நடுவில் வளர்ந்து மறைக்கும் சீமைக்கருவேல், காற்றில் திரும்பிவிடும் முகம், இதெல்லாம் வருடா வருடம் பார்க்க வேண்டிய வேலை. ஒரே கொட்டேஷனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டாவதற்கு வருடப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துக் காட்டுகிறேன். மூன்று வருடக் கணக்காகக் காட்டும்போது சிலர் பள்ளம் தோண்டவே சம்மதிக்கிறார்கள்.

எந்த விதத்தில் கொடுத்தாலும் மூன்று விஷயம் தாளில் இருக்க வேண்டும். 18 சதவீதம் ஜிஎஸ்டி தொகைக்குள் இருக்கிறதா, வெளியிலா என்பது. ஒரு லட்ச ரூபாய் வேலையில் அது 18,000, கடைசியில் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்தது, இந்த ரேட் எத்தனை நாளைக்கு. செம்பு விலை ஏறினால் கேபிள் விலையும் ஏறும், நான் 15 நாள் என்று எழுதுகிறேன். மூன்றாவது, பணம் எப்போது எப்போது என்பது. ஐஸ் பிளாண்ட், படகு வைத்திருப்பவர்கள், மீன் கம்பெனி, இவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஓய்வு இருப்பதால் வேலையை அப்போதுதான் செய்யச் சொல்வார்கள், பணம் புரளாததும் அப்போதுதான். அவர்களிடம் சாமான் காசு முழுவதையும் முன்னால் வாங்கிக்கொண்டு, கூலியை ஜூலைக்குத் தள்ளி வைக்கிறேன். கூலியை அப்படித் தள்ளிக் கொடுத்ததில் இதுவரைக்கும் ஒருவர்கூட எனக்குப் பாக்கி வைத்ததில்லை.